தொப்பி ஓரத்தில் நீலம் சிவப்பு நீலம்

அக்கா, இதை யாரிடமும் காட்டாதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன். அறிவு மாமாவிடம்கூடப் படித்துத்தான் காட்டு, கையில் கொடுக்காதே, ஆம்பளைங்க சட்டைப் பையில வச்சிட்டு மறந்துடுவாங்க என்று அம்மா சொல்கிறாள். படித்து முடித்ததும் கிழித்து எரித்துவிடு.

அன்புள்ள ரோஸிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாந்தோம் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தியும் முண்டகக்கண்ணி அம்மனுக்கு ஓர் எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறேன். இதுவரைக்கும் அம்மா சொன்னபடி எழுதினேன். எப்போதும்போல அவள் சொல்ல நான் எழுதுகிற கடிதம்தான் அக்கா, ஆனால் இன்றைக்கு என் தோழி ஷாகிரா வீட்டில் பாதி சொன்னதுமே, மிச்சத்த வூட்டுக்குப் போய் நீயே எழுதிடு ஜாஸ்மினு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று சொல்லிவிட்டாள். அதனால் இனி நான் என் வாக்கில் எழுதுகிறேன்.

முதலில் இதைப் படி. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உடனே அந்த வீட்டைவிட்டுப் போய்விடு. மாமாவைப் பேக்கரிக்கு அனுப்பாதே, போயிருந்தால் ஆள் விட்டுக் கூப்பிடு. நம் ஏசுராஜ் அண்ணனுக்கு உன் ஊர் தெரிந்துவிட்டது, பேக்கரியின் பெயரும் தெரிந்துவிட்டது, வீடு எது என்று மட்டும் இன்னும் தெரியாது. கல்யாணத்தைப் பதிவு செய்த சர்டிபிகேட், ஆதார், பாப்பாவின் தடுப்பூசி அட்டை, இதை மட்டும் எடுத்துக்கொள். பாத்திரம் பண்டம் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. போகிற வழியில் மகளிர் போலீஸ் ஸ்டேஷன் இருந்தால் அங்கே போய் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. இந்த வரி வரைக்கும் படித்ததும் கிளம்பு, மிச்சத்தைப் பஸ்ஸில் உட்கார்ந்து படி. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீ நம்பரை மாற்றிவிட்டு எங்களுக்குத் தராமல் இருந்தாய், அது நல்லதுதான், இருந்தால் அண்ணன் என் போனிலிருந்து எப்போதோ எடுத்திருப்பான். பேக்கரி போர்டில் இருந்த நம்பருக்கு ஷாகிரா ராத்திரி அடித்துப் பார்த்தாள். யாரோ எடுத்து, கேக் ஆர்டரா, எத்தனை கிலோ என்று கேட்டார், அவள் பயந்து வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது கடையைச் சாத்திவிட்டார்கள்போல, எடுக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்று நீயும் மாமாவும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு சண்டை போடாதீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. அம்மாவின் தொப்பியால்தான் தெரிந்தது. பாப்பா பிறந்ததும் ஷாகிரா வீட்டு நதீம் அண்ணன் வெளியூர்க் கடைகளுக்கு பிளவுஸ் கொண்டுவரும்போது உன்னிடம் ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்தாரே, அதுதான். அது கடையில் வாங்கியது என்று நீ நினைத்திருப்பாய். இல்லை அக்கா, அம்மா தன் கையால் செய்தது. சொல்லாதடி, தையல் லட்சணத்தப் பாத்தா அவளே கண்டுபிடிச்சிடுவா என்றிருந்தாள். இப்போது சொல்லச் சொல்கிறாள்.

நீ உண்டாகியிருக்கிறாய் என்று ஷாகிரா மூலமாகத் தெரிந்த அன்று அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கூடையோடு திருவல்லிக்கேணிக்கு மீன் விற்கப் போனவள் ஷாகிரா வீட்டு மாடிக்கு ஏறி, அவள் அம்மா அஸ்மத்துன்னிசா ஆன்ட்டி நடத்துகிற ஆரி வேலைப் பட்டறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் இத்த கத்துக்குடு அக்கா, கொழந்தைக்கு ஒண்ணு செய்யணும் என்றாளாம். ஆன்ட்டி சிரித்துவிட்டு, தி.நகர் போனா ரெடிமேட்ல அவ்ளோ அழகா கிடைக்குது கோவிந்தம்மா, எதுக்கு இந்தக் கஷ்டம் என்றிருக்கிறார். அதற்கு அம்மா, கடையில வாங்கினா நான் காசு அனுப்பின மாதிரிதான் கீது, என் கை பட்டு ஒண்ணு போனாத்தான் நானே போய்ப் பாத்துட்டு வந்த மாதிரி என்று சொன்னாள். அதற்குப் பிறகு ஆன்ட்டி சிரிக்கவில்லை. உட்காரு என்று ஓர் ஊசியை எடுத்துக் கொடுத்தார்.

ஆரி வேலைக்கு மரச் சட்டத்தில் துணியை மேளம் மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேலே வலது கையில் கொக்கி மூக்கு வைத்த ஊசி, துணிக்கு அடியில் இடது கையில் நூல். ஊசி உள்ளே இறங்கி நூலை மாட்டிக்கொண்டு மேலே வரும்போது ஒரு கண்ணி விழும், அதற்குள் அடுத்த கண்ணி, இப்படியே சங்கிலி மாதிரி போகும். அம்மாவின் விரல் நுனியெல்லாம் செதிலும் முள்ளும் கிழித்துக் காய்த்துப் போயிருக்கிறதே, பட்டு நூல் அதில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. எலுமிச்சைத் தோலும் சீயக்காயும் வைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சட்டத்தின் முன்னால் உட்காருவாள். அப்படியும் அங்கே தைக்கிற பெண்கள், கோவிந்தம்மா வந்தாச்சு, இன்னிக்கு இன்னா, சங்கராவா வவ்வாலா என்று வாசனையைப் பிடித்தே கேட்பார்கள். உங்க செண்டு வாசனைக்கு எங்க கருவாடே தேவலாம், போங்கடி என்று அம்மாவும் விடமாட்டாள். அவள் குத்துகிற குத்தில் துணி கிழிந்துவிடுமோ என்று ஆன்ட்டிக்குப் பயம், அரே, மெதுவாம்மா, அது வஞ்சிரம் இல்ல, காட்டன் என்று கத்துவார். வீட்டில் நைனாவிடம் மேன்ஷன் பக்கம் வாடிக்கை கூடிவிட்டது, அதனால்தான் லேட்டாகிறது என்று சொல்லிவைத்திருந்தாள். ஸ்கூல் விட்டதும் நானும் ஷாகிராவோடு அங்கே போய்விடுவேன், நானும் கற்றுக்கொண்டேன். எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது, ஷாகிராவுக்கு ஒரு பேனா பையும் எங்கள் தமிழ் மிஸ்ஸுக்கு ஒரு கைக்குட்டையும் செய்து கொடுத்தேன். அம்மாவுக்குத்தான் வரவே இல்லை. உன் பெயருக்காக ரோஜாப் பூ போட வேண்டும் என்று பிடிவாதம், ஒவ்வொரு தடவையும் அது வெங்காயம் மாதிரி வந்து நின்றது. அந்தச் சங்கிலித் தையலில் கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் நூலை இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். அரைமணி நேரம் போட்டது ஒரு மூச்சில் போய்விடும். ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் அம்மா முகத்தைப் பார்க்க முடியாது, ஆனாலும் நூலை வீணாக்காமல் விரலில் சுற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். உன் பாப்பாவின் தொப்பியில் இருப்பது அவள் போட்ட வெங்காயங்களிலேயே நல்ல வெங்காயம் அக்கா. முடிச்சு எதுவும் தலையில் உறுத்தக் கூடாது என்று தன் பழைய மெல்லிய வாயில் புடவையைக் கிழித்து உள்ளே வைத்துத் தைத்தாள்.

எல்லாம் முடிந்து நூலை வெட்டுகிற நேரத்தில்தான் அம்மாவின் கை அந்தக் காரியத்தைச் செய்தது. நம் குப்பத்தில் ஒவ்வொரு வீட்டு வலைக்கும் ஓர் அடையாள நூல் இருக்கிறது அல்லவா, கடலில் வலையும் வலையும் சிக்கிக்கொண்டால் எது யாருடையது என்று சண்டை வராமல் இருக்க. நம் வீட்டுக்கு நீலம் சிவப்பு நீலம், நடுவில் இருக்கிற சிவப்பில் மட்டும் இரட்டை முடிச்சு. நைனாவைக் கட்டிக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு வலையைப் பழுது பார்த்து முடித்தால் மூலையில் அதைப் போடாமல் அம்மா எழுந்ததில்லை. அதே பழக்கத்தில் தொப்பியின் ஓரத்திலும் போட்டுவிட்டாள். யோசித்துப் போடவில்லை அக்கா, வேலை முடிந்தால் கை அதைப் போடும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மாமா வேலை செய்கிற பேக்கரியின் முதலாளி கடை ஆண்டுவிழாவுக்குப் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டிருக்கிறார். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு போர்டுக்குக் கீழே நிற்கிறார்கள். அதில் நீ இல்லை, மாமாவும் இல்லை, ஜாக்கிரதையாக ஒதுங்கியிருக்கிறீர்கள். ஆனால் யாரோ ஓர் அம்மாள் உன் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அண்ணனோடு சுற்றுகிற சூர்யா மீன் லோடு இறக்க அந்த ஊருக்குப் போனபோது அந்தக் கடையில் டீ குடித்தானாம், அதிலிருந்து அந்தக் கடைப் படமெல்லாம் அவன் போனில் வருமாம். டேய் மச்சி, இன்னாடா இது, உங்க வூட்டு மார்க்கு ஏதோ கொழந்த தலையில கீது என்று சிரித்துக்கொண்டேதான் அண்ணனிடம் காட்டியிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது, மாமா பேக்கரி வேலை கற்றவர் என்பது அவனுக்குத் தெரியுமே.

இன்று சாயங்காலம் அந்தப் போனைக் கொண்டுவந்து நைனா முன்னால் வைத்தான். நைனா வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினார். தொப்பியைத்தான் பெரிதாக்குகிறார் என்று நினைத்தேன், எட்டிப் பார்த்தால் பாப்பாவின் முகம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, நம்ம மார்க்கு மாதிரிதான் கீது என்று மட்டும் சொன்னார். அண்ணன் சத்தம் போடவில்லை அக்கா, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போய்ட்டு வந்துடறேன் நைனா, ஒரே நாள் வேலை என்றான், ஏதோ ஐஸ் வாங்கப் போகிறவன் மாதிரி. அம்மா குறுக்கே போய், நான் கோவிந்தம்மாவா வந்து மாதா கோயில்ல தாலி வாங்கிக்கினப்ப எவனும் என்னை வெட்ட வர்லியேடா என்று கேட்டாள். சாமிய மாத்திக்கலாம்மா, சாதிய மாத்திக்க முடியுமா, ஆத்தோரத்துச் சேரிப் பையன் கூட போனவளுக்கு நம்ம வூட்டு மார்க்கு ஒரு கேடா என்றான் அண்ணன்.

அப்போதுதான் அம்மா அந்தப் பொய்யைச் சொன்னாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல், மீனுக்கு விலை சொல்கிற மாதிரி சொன்னாள். டேய் ஏசு, அந்த மார்க்கு நான் போட்டதுதான்டா, அஸ்மத்தக்கா கடைக்குக் கொழந்தைத் தொப்பி தைச்சிக் குடுத்துக்கினு கீறேன், எல்லாத்துலயும் அதான் போடறேன், எந்தத் தொப்பி எந்த ஊருக்குப் போச்சு, எவன் புள்ள போட்டுக்கினு கீதுன்னு நான் இன்னாத்த கண்டேன் என்றாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, காலையில அந்தக் கடைக்கு நானே போய்ப் பாக்கறேன், அங்க மட்டும் தொப்பி இல்லாம இருக்கட்டும் என்று பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டான். இன்னும் வரவில்லை.

ஜெபக் கூட்டம் என்று சொல்லிவிட்டு நானும் அம்மாவும் திருவல்லிக்கேணிக்கு ஓடினோம். அம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், மேலே ஏறி நான்தான் எல்லாம் சொன்னேன். அஸ்மத் ஆன்ட்டி உடனே எழுந்தார். தி.நகர்க் கடைக்குப் போக வேண்டிய கல்யாண பிளவுஸ்களைச் சட்டத்தோடு தூக்கிச் சுவரோரம் சாத்தினார். ஷாகிராவை ஜாம்பஜாருக்கு அனுப்பினார், அவள் பிளாட்பாரக் கடைகளில் இருந்த வெள்ளைத் தொப்பிகளையெல்லாம் ஒரு மூட்டையாக வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போகக் கிளம்பிய பெண்களும் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எல்லாத் தொப்பியின் ஓரத்திலும் நீலம் சிவப்பு நீலம். அந்த இரட்டை முடிச்சு அவர்களுக்கு வரவில்லை, மீன் வாசனை என்று கேலி செய்தவர்கள் அம்மாவின் விரலுக்கு மேலே முகத்தை வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள், யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் புதிதாகத் தெரிந்தால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவான் என்று சிலதைத் தண்ணீரில் கசக்கி மாடியில் காயப் போட்டிருக்கிறார்கள். விடிவதற்குள் கீழே இருக்கிற அவர்கள் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். நம்புவானா அக்கா? எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எதற்கும் நீ கிளம்பிவிடு என்கிறேன். நம்பினாலும் அவன் மனசுக்குள் அந்தப் பேக்கரி போர்டு இருந்துகொண்டேதான் இருக்கும்.

அம்மா கை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே சொன்னாள். நம்ம வூட்டு மார்க்க ஊரான் புள்ளைங்க தலைக்கெல்லாம் போட்டுக்கினு கீறேன்டி, அது ஒண்ணே ஒண்ணு ரோஸிக்குன்னு போட்டேன், இப்ப அதுவும் கடைத் தொப்பி மாதிரி ஆயிடுச்சு என்றாள். அழவில்லை. அழுதால் நூல் தெரியாது என்று கண்ணை அகலமாகத் திறந்துகொண்டே இருந்தாள். நான் வீட்டில் இல்லாவிட்டால் அண்ணனுக்குச் சந்தேகம் வரும் என்று என்னை மட்டும் திருப்பி அனுப்பினாள், தான் அப்படியே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போவதாக நைனாவிடம் சொல்லச் சொன்னாள். நான் நூல் போட்டு முடிக்க வேண்டிய நான்கைந்து தொப்பி என் ஸ்கூல் பையில் இருக்கிறது, ஒன்று மடியில் இருக்கிறது. நைனா கூடத்தில் படுத்திருக்கிறார். நான் சமையல்கட்டில் கேஸ் அடுப்புக்குக் கீழே உட்கார்ந்து சின்ன பல்பைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். விடியும்போது லூப் ரோட்டு முனையில் நதீம் அண்ணன் நிற்பார், ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போய் அவரிடம் இதைக் கொடுப்பேன். அங்கிருந்து அப்படியே முதல் பஸ் ஏறிவிடுவார்.

இனி அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னவை. பாப்பாவை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வைக்காதே, காதில் காற்றுப் புகும். நீ பால் கொடுக்கிறவள், எந்த ஊருக்குப் போனாலும் பால் சுறா கிடைத்தால் பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்து சாப்பிடு, கிடைக்காவிட்டால் கருவாட்டுக் குழம்பாவது வை, வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. மாப்பிள்ளை மேல் கோபப்படாதே, அவரும் எல்லாத்தையும் விட்டுவிட்டுத்தான் உன்னோடு வந்திருக்கிறார். போகிற இடத்தில் யாரிடமும் குப்பத்தின் பெயரைச் சொல்லாதே, கடலைப் பற்றிப் பேசாதே. எங்கே போகிறாய் என்று எங்களுக்கும் சொல்லாதே. இனிமே என் கையால உனக்கு ஒண்ணும் வராது ரோஸி, வரலன்னா அம்மா மறந்துட்டான்னு நெனச்சிக்காத என்று சொல்லச் சொன்னாள். அந்தத் தொப்பியை எரித்துவிடச் சொன்னாள். மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அம்மன் உன் பிள்ளைக்கு நூறு வயசு கொடுக்கட்டும். சர்டிபிகேட்டை மறக்காதே.

இப்படிக்கு, உன்னைப் பெற்ற அம்மா கோவிந்தம்மா. எழுதியது ஜாஸ்மின்.

அக்கா, இது நான் எழுதுவது, அம்மாவுக்குத் தெரியாது. எரிக்கச் சொன்னதை அவள் சொன்னாள் என்பதற்காக எழுதினேன். நீ எரிக்காதே. ஓரத்தில் இருக்கிற அந்த மூன்று நூலை மட்டும் ஊக்கால் நிமிண்டிப் பிரித்துவிடு, நடுவில் இருக்கிற முடிச்சைப் பல்லால் கடித்தால்தான் வரும். பிறகு அது வெறும் பூ வைத்த தொப்பி, அதைப் பார்த்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. அந்தப் பூ வேறு எந்தத் தொப்பியிலும் கிடையாது, மற்றதில் எல்லாம் வெறும் நூல்தான். எரித்துவிட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பு, போதும். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பாப்பாவுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள் என்று இதுவரை எங்களுக்குத் தெரியாது. அம்மா ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். எழுதித் தராதே, நதீம் அண்ணன் காதில் வாயால் சொல்லி அனுப்பு, நான் அம்மாவிடம் மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணன்தான். நைனா எழுந்து உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை, போய்த் திறக்காமல் இங்கே திரும்பி என் மடியில் இருக்கிற தொப்பியைப் பார்த்து, ஒளித்து வை என்று கையைக் காட்டுகிறார்.